எபாக்சி பிரைமர் தகராறு செய்யும்போது: கலவை டப்பா முதல் காய்ந்த பூச்சு வரை

எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு காய்கிறது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் பறந்ததும் வேலை முடிந்துவிடும். எபாக்சி பிரைமருக்கு இந்த இரண்டு கணக்கும் பொருந்தாது. இது பேஸ், ஹார்டனர் என்று இரண்டு டின்னில் வந்து, அடிக்கும் முன் கலக்க வேண்டிய அடிப்பூச்சு. பேஸில் இருக்கும் எபாக்சி ரெசினும் ஹார்டனரில் இருக்கும் அமீனும் வினைபுரிந்து, வலைபோல் பின்னிக்கொண்டு இறுகுகின்றன. தின்னர் பறந்தவுடன் தொட்டால் ஒட்டாத நிலை வந்துவிடும். உள்ளே இறுகும் வேலை அதன்பிறகும் நாள்கணக்கில் நடக்கும். 25 டிகிரியில் முழு இறுக்கம் வர ஏறத்தாழ 7 நாள் ஆகும்.

அதனால்தான் 'காயலையா, இன்னும் கொஞ்சம் ஹார்டனர் விடு', 'கெட்டியாச்சா, தின்னர் ஊத்து' என்ற பழைய கைவைத்தியம் இங்கே எடுபடுவதில்லை. டப்பாவில் விட்ட தவறை ஸ்ப்ரே கன்னில் சரிசெய்ய முடியாது. கன்னில் விட்ட தவறைக் காய்ந்தபின் எமரி ஷீட்டால்தான் சரிசெய்ய வேண்டும். குறையைத் தேடும்போது அது முதலில் எப்போது கண்ணில் பட்டது என்று பாருங்கள்: டப்பாவிலா, கன்னிலா, ஈரப் பூச்சிலா, மறுநாளா, மாதங்கள் கழித்தா? பெரும்பாலும் காரணம் அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும்.

அளவு: லிட்டர் கணக்கா, கிலோ கணக்கா?

டின்னில் 4:1 என்று போட்டிருந்தால், அது கொள்ளளவா எடையா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பிரைமர்களில் அது கொள்ளளவு. சிறிய அளவில் கலக்கும்போது தராசு வசதியாக இருப்பதால் அதே 4:1-ஐ கிராமில் நிறுத்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நுழைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிறமியும் நிரப்பியும் நிறைந்த பேஸ் கனமானது; அதன் அடர்த்தி லிட்டருக்கு 1.4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டனர் 0.95 கிலோ. கொள்ளளவில் 400 மி.லி. பேஸுக்கு 100 மி.லி. ஹார்டனர் என்றால், எடையில் அது 560 கிராமுக்கு 95 கிராம். அதாவது எடை விகிதம் 5.9:1. இதைத் தராசில் 4:1 என்று நிறுத்தால் 560 கிராம் பேஸுக்கு 140 கிராம் ஹார்டனர் போகும். அது 147 மி.லி. வேண்டியதைவிட ஏறத்தாழ பாதிப் பங்கு அதிகம். இரண்டு பாகங்களின் அடர்த்தியும் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். எடை விகிதத்தை ஒருமுறை கணக்கிட்டு டின் மூடியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்ற நம்பிக்கை குழி அடைக்கும் பாலியெஸ்டர் பட்டியிலிருந்து வந்தது. பட்டியோடு வரும் பேஸ்ட் வினையைத் தூண்டிவிடும் பொருள். கொஞ்சம் கூடினால் வேகம் கூடும். எபாக்சி ஹார்டனர் அப்படித் தூண்டிவிட்டு ஒதுங்குவதில்லை, வினையிலேயே பங்கெடுக்கிறது. கூடுதலாகப் போனது ஜோடி கிடைக்காமல் பூச்சுக்குள்ளேயே தங்கும். பூச்சு மிருதுவாக நிற்கும், ஈரத்தை இழுக்கும், மேலே பிசுக்குப் படியும். குறைவாகப் போனால் ரெசின் மிச்சப்படும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடுத்த கோட்டின் தின்னர் பட்டதும் இளகிவிடும்.

சின்னக் கலவைகளில் பிழை பூதாகரமாகும். 100 மி.லி. கலவைக்கு 80-க்கு 20. அதில் 5 மி.லி. கண்ணளவில் தப்பினால் ஹார்டனரில் 25 சதவீதம் பிசகிவிட்டது. இந்த அளவுக்கு ஊசியில்லாத சிரிஞ்சு அல்லது 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் விகிதம் தவறும் இடம் ஒன்று உண்டு. பேஸ் டின்னில் நிறமி அடியில் கட்டிபோல் படிந்திருக்கும். சரியாகக் கிளறாமல் மேலிருந்து ஊற்றினால் வருவது பெரும்பாலும் ரெசின். அளவுக் குவளை சரியாகக் காட்டினாலும் ரெசின் கூடுதல். அதே டின்னின் கடைசிக் கால் பங்கில் நிறமி கூடுதல், ரெசின் குறைவு. 'முதல் நாள் அடித்தது நன்றாக இருந்தது, கடைசியில் அடித்தது மாவாக உதிர்கிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தட்டையான கரண்டி டின்னின் அடியில் வழுக்கிக்கொண்டு போகும்வரை, கரண்டியில் ஒட்டும் கட்டி மறையும்வரை கிளறிய பிறகே அளக்க வேண்டும்.

ஒரு பிரைமரின் ஹார்டனரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள், இரண்டும் ஒரே நிறுவனத்தின் சரக்காக இருந்தாலும். மூடிகளையும் மாற்றி மூடிவிடாதீர்கள். மறுநாள் மூடி இறுகித் திறக்க வராது.

கலக்கும் வரிசை

பேஸைத் தனியாகக் கிளறுங்கள். ஹார்டனரையும் தனியாகக் கிளறுங்கள். அதிலும் படிவு இருக்கலாம். பேஸில் ஹார்டனரைச் சிறிது சிறிதாக விட்டு 3 முதல் 5 நிமிடம் கலக்குங்கள். டிரில்லில் கலக்கும் தண்டு மாட்டினால் நிமிடத்துக்கு 300-400 சுற்றுப் போதும். அதற்கு மேல் போனால் காற்றை உள்ளே அடித்துவிடும், அந்தக் குமிழிகள் பூச்சில் ஊசித்துளையாக வெளிவரும். சுவரையும் அடி ஓரத்தையும் கரண்டியால் வழித்து உள்ளே சேருங்கள்.

அடுத்து ஒரு வேலை. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கலவையை வேறொரு சுத்தமான டப்பாவுக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் டப்பாவின் மூலையில் கலக்காமல் ஒட்டியிருப்பது அங்கேயே நின்றுவிடும். முதல் டப்பாவைக் கவிழ்த்து வழித்துச் சேர்க்கும் சிக்கனம் வேண்டாம். அடித்த உலோகப் பாகத்தில் ஓர் இடம் கல்லாகவும் இன்னோர் இடம் பிசினாகவும் இருப்பது அந்தக் கடைசிச் சொட்டுகளால்தான்.

தின்னர் கடைசியில்தான் சேர வேண்டும். பேஸில் முன்கூட்டியே தின்னர் விட்டுவிட்டுப் பிறகு விகிதம் அளந்தால் கணக்கே போச்சு.

ஊறும் நேரமும் கலவையின் ஆயுளும்

பாலிஅமைடு ஹார்டனர் கொண்ட பிரைமர்கள் பலவற்றில், கலந்தபின் 15 முதல் 30 நிமிடம் விட்டுவைக்கச் சொல்வார்கள். இரண்டு பாகமும் முதலில் அவ்வளவாக ஒட்டிப்போவதில்லை. வினை கொஞ்சம் தொடங்கிய பிறகுதான் ஒன்றாகின்றன. உடனே அடித்தால் அமீன் மேலே மிதந்து வந்து பிசுக்குப் படியலாம், பளபளப்பும் நிறமும் திட்டுத்திட்டாகலாம். குளிர் நாளில் இந்த நேரம் நீளும். வெயில் நாளில் சுருங்கும். சில பிரைமர்களுக்கு இது தேவையே இல்லை, ஆகவே தாளைப் பாருங்கள். ஊறும் நேரம் கலவையின் ஆயுளில், அதாவது கலந்தபின் அடித்து முடிக்க வேண்டிய நேரத்தில், சேர்ந்ததுதான். ஊறி முடிந்த பிறகு புதிதாக எண்ணத் தொடங்கக் கூடாது.

கலவையின் ஆயுள் 25 டிகிரியில் 4 முதல் 8 மணி நேரம் என்பது பல பிரைமர்களில் வழக்கம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகும். 6 மணி நேரச் சரக்கு 35 டிகிரிக் கூடத்தில் 3 மணி நேரம்தான். போதாததற்கு, வினையே சூட்டை உண்டாக்குகிறது. பெரிய வாளியில் மொத்தமாக இருந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் வினையை இன்னும் விரட்டும். ஆகவே ஒரு மணி நேரத்தில் அடிக்கக்கூடிய அளவை மட்டும் கலக்குங்கள்.

ஆயுள் முடிந்த கலவை எப்போதும் கட்டியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கன்னில் போகும் அளவுக்கு நீர்த்தே இருக்கும். தின்னர் விட்டால் அழகாகவும் அடிக்கும். ஆனால் உலோகத்தைப் பிடிக்க வேண்டிய வினைக் கைகள் டப்பாவிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பூச்சு பார்வைக்குக் குறையில்லாமல் காய்ந்து, பிறகு நகத்துக்கு உரியும். கலந்த நேரத்தை டப்பாவில் மார்க்கரால் எழுதுங்கள். கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

தின்னர்

எபாக்சி தின்னர்தான். சைலீன், பியூட்டனால் போன்ற கரைப்பான்கள் சேர்ந்த அந்தக் கலவை மெதுவாகப் பறந்து, பூச்சு சமமாகப் படிய நேரம் தருகிறது. என்.சி. தின்னர் வேகமாகப் பறக்கும். மட்டமான சரக்கில் தண்ணீரும் இருக்கும். அடிக்கும் துளி பாகத்தில் விழும் முன்னே பாதி காய்ந்து, பூச்சு எமரி ஷீட் மாதிரி சொரசொரவென்று இருக்கும். டர்பன்டைன் ஊற்றினால் ரெசினைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் கலவை திரிந்து நூல்நூலாகும். அப்படித் திரிந்ததை வடிகட்டிக் காப்பாற்ற முடியாது.

அளவு பெரும்பாலும் 5 முதல் 20 சதவீதம். கண்ணளவைவிட, அடியில் துளையுள்ள ஓட்டக் குவளை நம்பகமானது; கலவை வடிந்து முடியும் நேரம் அதன் கெட்டித்தன்மையைச் சொல்லும்: ஃபோர்டு குவளை 4-ல் 18 முதல் 25 விநாடி வந்தால் சாதாரண கன்னுக்குச் சரி. தின்னர் கூடினால் வடியும், விளிம்பில் மெலியும், உள்ளே கரைப்பான் சிக்கும். அடிப்பதற்கு முன் 125 முதல் 190 மைக்ரான் வடிகட்டியில் ஒருமுறை விடுங்கள். வடிகட்டியில் பசைபோல் துணுக்குகள் நின்றால் அது தூசி கிடையாது. கலவை இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

உலோகத்தை முதலில் கழுவு, பிறகு தேய்

இந்த வரிசை மாறினால் எண்ணெயையும் கிரீஸையும் தேய்ப்புக் கீறல்களுக்குள் அழுத்தி ஏற்றிவிடுவோம். இரண்டு வெள்ளைத் துணி எடுங்கள்: ஒன்றில் கரைப்பான் நனைத்துத் துடைக்க, இன்னொன்றில் அது காய்வதற்குள் உலரத் துடைக்க. ஒரே துணியைத் திரும்பத் திரும்ப முக்கினால் அழுக்கை இடம் மாற்றுகிறோமே தவிர எடுப்பதில்லை. பிறகு சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தகடுபோல் பரவி நின்றால் சுத்தம். முத்துமுத்தாகச் சுருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சோதித்த உடனே உலர்த்திவிடுங்கள்.

இரும்புக்கு மணல்வீச்சு முடியுமென்றால் ஐ.எஸ்.ஓ. 8501-1 சொல்லும் எஸ்.ஏ. இரண்டரை (Sa 2½) என்ற சுத்த நிலை. முடியாவிட்டால் 80 முதல் 180 எண் எமரியால் பளபளப்பு முழுக்கப் போகத் தேய்க்க வேண்டும். ஆலையிலிருந்து வரும் கருநீலச் செதில் துருவைப்போல் தெரியாது. ஆனால் அது பின்னால் பெயரும்போது பிரைமரையும் தூக்கிக்கொண்டு வரும். வீச்சு முடிந்து 4 மணி நேரத்துக்குள், அன்றே முதல் கோட். ஈரமான நாளில் அதற்கு முன்பே மேற்பரப்பு மஞ்சளடிக்கும். அப்போது கடிகாரத்தைப் பார்க்காமல் உலோகத்தைப் பாருங்கள்.

துரு மாற்றித் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். அந்த அமிலம் மிச்சமிருந்தால் ஹார்டனரின் அமீனை அது பிடித்துக்கொள்ளும். உலோகத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் இறுகாது. மேலே கல்மாதிரி இருக்கும், தாளைப்போல் முழுசாக உரிந்து வரும். அமில எட்ச் பிரைமருக்கு மேல் எபாக்சி அடிக்கும்போதும் இதே சிக்கல். தயாரிப்பாளர் அனுமதித்தால் ஒழிய அதைச் செய்ய வேண்டாம். அமிலத் திரவம் போட்டிருந்தால் தண்ணீரில் நன்றாக அலசி, உலர்த்தி, தேய்த்த பிறகே பிரைமர்.

அலுமினியத்தை இரும்புக்குப் பயன்படுத்திய கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் பதிந்து அரிப்புக்கு வித்திடும். ஆக்சைடு மறுபடி வளர்வதால் தேய்த்த சீக்கிரத்தில் அடிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டில் எண்ணெய்ப் படலத்தை எடுத்து லேசாக மட்டும் தேயுங்கள், துத்தநாகத்தையே உரித்துவிட வேண்டாம். வார்ப்பிரும்பு நுண்துளைகளில் எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். மிதமாகச் சூடாக்கினால் கசிந்து வரும். துடைத்து, மறுபடி சூடாக்கி, கசிவு நிற்கும்வரை செய்யுங்கள்.

பனிநிலைக் கணக்கு

கூடத்தின் வெப்பநிலையைவிட உலோகத்தின் வெப்பநிலை முக்கியம். காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிநிலை. உலோகம் அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. உலோகம் 29 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அடிக்கலாம். இரவு முழுக்க வெளியில் கிடந்து 25 டிகிரியில் இருக்கும் கனமான பாகத்தை உள்ளே தூக்கி வந்த உடனே அடித்தால், கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலத்தின் மேல்தான் அடிக்கிறோம். தடித்த பாகங்கள் மெதுவாகவே சூடேறும், காத்திருங்கள். கன்னில் அடிக்கும்போது தின்னர் பறப்பதாலும் மேற்பரப்பு இன்னும் சற்றுக் குளிரும். 3 டிகிரி இடைவெளி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கீழ்ப்பக்கம் 10 டிகிரி. அதற்குக் கீழே சாதாரண ஹார்டனரில் வினை ஏறக்குறைய நின்றுவிடும். குளிர்காலத்துக்கென்று தனி ஹார்டனர் உண்டு.

காற்றும் கன்னும்

மேலே கப் உள்ள கன்னுக்கு 1.4 முதல் 1.8 மி.மீ. நாசில், கீழே கப் உள்ளதற்கு 1.8 முதல் 2.0. பிரஷர், சாதாரண கன்னில் 35 முதல் 50 பி.எஸ்.ஐ.; குறைந்த அழுத்த எச்.வி.எல்.பி. கன்னில் நுழைவில் 29 பி.எஸ்.ஐ. அளவு. இதை ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடி படிக்க வேண்டும். அழுத்தாமல் படித்த எண்ணுக்கு மதிப்பில்லை. எச்.வி.எல்.பி. கன் நிமிடத்துக்கு 10 முதல் 14 கன அடி காற்றுக் கேட்கும். 1 குதிரைத்திறன் கம்ப்ரசர் 3, 4 கன அடிதான் தரும். முதல் இரண்டு வீச்சு நன்றாக வந்து, பிறகு துளி பெரிதாகி ஆரஞ்சுத் தோல்போல் ஆனால், கன்னைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு முன் டேங்க் மீட்டரைப் பாருங்கள்.

காற்றில் எண்ணெயும் தண்ணீரும் இருக்கிறதா என்று அறிய, பெயிண்ட் இல்லாத காற்றை ஒரு வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் அடியுங்கள். கறையோ ஈரமோ தெரிந்தால் டேங்க்கைத் திறந்து வடித்து, வடிகட்டியைச் சரிசெய்யும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம். தண்ணீர்ப் பொறியைக் கம்ப்ரசர் பக்கத்திலேயே மாட்டிப் பயனில்லை. காற்று அங்கே சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே கடந்துபோகும். சில மீட்டர் குழாயில் குளிர்ந்த பிறகு மாட்டுங்கள்.

தூரம் 15 முதல் 20 செ.மீ. ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைத்து விசிறாமல் கை முழுவதும் பாகத்துக்கு இணையாக நகர வேண்டும். உள்மூலைகளில் காற்று முட்டித் திரும்புவதால் துளி உள்ளே போகாது. பிரஷரைக் குறைத்து, தெளிப்பு விரியும் அகலத்தைச் சுருக்கி, மூலையின் இரண்டு சுவரையும் தனித்தனியாக அடியுங்கள்.

எவ்வளவு தடிமன்? கணக்கு எளிது. பிரைமரில் திடப்பொருள் கொள்ளளவில் 50 சதவீதம், காய்ந்தபின் 50 மைக்ரான் வேண்டும் என்றால், ஈரத்தில் 100 மைக்ரான் அடிக்க வேண்டும். 10 சதவீதம் தின்னர் சேர்த்திருந்தால் 110. ஈரப் பூச்சில் சீப்பு அளவியைச் செங்குத்தாக அழுத்தி எடுத்தால் கடைசியாக நனைந்த பல் எண்ணைச் சொல்லும். அதே சரக்கு ஏட்டுக் கணக்கில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வரும். குழாய், கம்பி, சிறு பாகம் என்றால் பாதிக்கு மேல் காற்றில் போகும். அதையும் கணக்கில் வைத்துக் கலக்குங்கள்.

அடிக்கும்போதே கண்ணில் படுபவை

வட்டவட்டமாகக் குழி விழுந்து நடுவில் உலோகம் தெரிந்தால் அது மீன்கண். எண்ணெய் அல்லது சிலிக்கோன். அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மூட முயன்றால் குழி பெரிதாகும். ஈரமாக இருக்கும்போதே தின்னரில் துடைத்து எடுத்துவிட்டு, மறுபடி கழுவித் தொடங்குவதுதான் மலிவு. குழிகள் பாகம் முழுக்கச் சிதறியிருந்தால் கம்ப்ரசரையும், கைபட்ட இடங்களில் மட்டும் இருந்தால் கையுறையையும் சந்தேகியுங்கள். அதே கூடத்தில் யாராவது சிலிக்கோன் பாலிஷ் தெளித்தாலும் போதும்.

சொரசொரப்பு என்றால் துளி காய்ந்து விழுகிறது: தூரம் அதிகம், பிரஷர் அதிகம், தின்னர் வேகம், அல்லது உலோகம் வெயிலில் சுட்டுக்கிடக்கிறது. ஆரஞ்சுத் தோல் என்றால் துளி உடையவில்லை: கெட்டி அதிகம் அல்லது பிரஷர் குறைவு. வடிந்தால் ஒரே வீச்சில் அதிகம் போகிறது. மெல்லிய முதல் கோட், பிறகு முழு ஈரக் கோட் என்று இரண்டாகப் பிரித்தால் வடிதல் பெரும்பாலும் நிற்கும். இடையில் 15 முதல் 30 நிமிடம், ஈரப் பளபளப்பு மங்கும்வரை விடுங்கள்.

ஊசித்துளைக்கு மட்டும் இரண்டு வேறு காரணங்கள். வார்ப்பிரும்பு மாதிரி துளையுள்ள உலோகத்தில் உள்ளிருக்கும் காற்று பூச்சைத் துளைத்து வருகிறது. அதற்கு 20, 30 சதவீதம் தின்னர் விட்ட மெல்லிய பனிக் கோட்டை முதலில் அடித்து, காற்று வெளியேறிய பிறகு முழுக் கோட் அடியுங்கள். சாதாரணத் தகட்டில் வந்தால், தடித்த கோட்டின் மேற்பரப்பு முதலில் மூடிக்கொண்டு உள்ளிருக்கும் தின்னர் பிறகு உடைத்து வருகிறது. கோட்டை மெலிதாக்கி இடைவெளியைக் கூட்டுங்கள்.

பழைய எனாமலின் மேல் அடித்துச் சுருக்கம் விழுந்தால் கன்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எபாக்சி தின்னர் கீழிருக்கும் எனாமலை ஊதவைத்துத் தூக்கிவிட்டது. எனாமலை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். முன்பே தெரிந்துகொள்ள, எபாக்சி தின்னர் நனைத்த துணியைப் பழைய பூச்சில் சில நிமிடம் வைத்துப் பாருங்கள்; சுருங்கினாலோ இளகினாலோ எடுக்க வேண்டியதுதான்.

மறுநாள் தொட்டால் ஒட்டுகிறது

எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதே பாதி விடை. திட்டுத்திட்டாக ஒட்டினால் கலவை சரியாகக் கலக்கவில்லை. தடித்த இடங்களிலும் வடிந்த இடங்களிலும் மட்டும் என்றால் தின்னர் சிக்கியிருக்கிறது. பாகம் முழுக்க ஒரே மாதிரி என்றால் குளிர், விகிதம், அல்லது ஹார்டனர் மாற்றம்.

முதலில் குளிரை ஒழித்துக்கட்டுங்கள், ஏனென்றால் அதுதான் இலவசமாகத் தீரும் காரணம். பாகத்தை 25, 30 டிகிரிக்குக் கொண்டுவந்து 24 மணி நேரம் விடுங்கள். இறுகினால் நல்லது. இறுகவில்லையென்றால் விகிதம் தவறிவிட்டது. மேலே ஹார்டனர் தடவுவது, இன்னொரு கோட் அடித்து மூடுவது இரண்டும் பாழ். சுரண்டித் தின்னரில் துடைத்து எடுங்கள். முழுக்க இறுகாததால் இப்போது எளிதாக வரும், ஒரு வாரம் போனால் கஷ்டம்.

காய்ந்திருக்கிறதா என்று சோதிக்க, எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) அல்லது எபாக்சி தின்னர் நனைத்த துணியால் ஒரே இடத்தில் 50 முறை முன்னும் பின்னும் அழுத்தித் தேயுங்கள். துணியில் லேசாக நிறம் பட்டால் பரவாயில்லை. பூச்சு இளகி உலோகம் தெரிந்தால் இறுகவில்லை.

மேற்பரப்பு கடினமாக இருந்தும் வெண்மையாக, மெழுகு பூசியதுபோல் வழுக்கினால் அது அமீன் பிசுக்கு. காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் மேலே வந்த அமீனுடன் சேர்ந்து உண்டாக்கிய உப்பு. ஈரவிரலால் தேய்த்தால் சோப்புப்போல் வழுவழுக்கும். இதைத் தின்னரால் துடைத்தால் பரவும். அப்படியே எமரி போட்டால் தாளை அடைத்துக்கொண்டு பூச்சுக்குள் தேய்ந்து ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரும் தேய்ப்பு நாரும் போதும். கழுவி, உலர்த்தி, அதன்பிறகு எமரி.

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்

பூச்சு உரிந்தால் வீசிவிடாதீர்கள், அதன் பின்பக்கம்தான் சாட்சி. கண்ணாடிமாதிரி வழுவழுப்பாக இருந்தால் உலோகம் தேய்க்கப்படவில்லை, அல்லது எண்ணெய் இருந்தது. துருத்தூளோ கருஞ்செதிலோ ஒட்டியிருந்தால் பிரைமர் உலோகத்தைப் பிடிக்கவில்லை, குப்பையைப் பிடித்திருக்கிறது. பிசுபிசுப்பாக இருந்தால் அமில மிச்சமோ தண்ணீரோ. பிரைமரே குறுக்கே பிளந்து, உலோகத்திலும் துண்டிலும் பாதிப்பாதி நின்றால் கலவை தவறு. பிரைமர் அப்படியே நின்று மேல் கோட் மட்டும் கழன்றால் மறுபூச்சு நேரம் தவறிவிட்டது, அல்லது பிசுக்கைக் கழுவவில்லை.

மறுபூச்சு நேரத்துக்குக் கீழெல்லை, மேலெல்லை இரண்டும் உண்டு. கீழெல்லை பெரும்பாலும் ஓர் இரவு. மேலெல்லை சரக்கைப் பொறுத்து ஒரு சில நாளிலிருந்து வாரக்கணக்கு வரை போகும். அது தாண்டினால் பிரைமர் முழுக்க இறுகி, மேலே வருவதைச் சேர்த்துக்கொள்ளாது. 220 முதல் 320 எண் எமரியால் பளபளப்பை எடுத்துத் தூசி துடைத்த பிறகு அடியுங்கள். எனாமலையும் பாலியெஸ்டர் பட்டியையும் சரியாக இறுகாத எபாக்சியின் மேல் போட்டால், மிச்ச அமீன் அவற்றைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். வெயிலில் நிற்கும் பாகத்துக்கு மேல் கோட் கட்டாயம். எபாக்சி சூரிய ஒளியில் சுண்ணாம்புபோல் உதிரும்.

ஒட்டுதலை அளக்க ஐ.எஸ்.ஓ. 2409 குறுக்குவெட்டுச் சோதனை: 60 மைக்ரான் வரை உள்ள பூச்சில் 1 மி.மீ. இடைவெளியில் ஆறு கீறல், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கீறல், உலோகம்வரை. டேப் ஒட்டி இழுங்கள். கட்டங்கள் அப்படியே நிற்க வேண்டும். 60 முதல் 120 மைக்ரான் வரை இடைவெளி 2 மி.மீ. பாகத்திலேயே கீறாமல், அதே நாளில் அதே கலவையில் அடித்த ஒரு துண்டுத் தகட்டில் செய்யுங்கள். பூச்சு இறுக ஒரு வாரம் விட்டுச் செய்தால்தான் முடிவை நம்பலாம்.

விளிம்பில் துரு, புள்ளித் துரு

ஈரப் பூச்சு கூர்மையான விளிம்பிலிருந்து தானாக விலகி மெலியும். தட்டையில் 50 மைக்ரான் இருக்கும்போது வெட்டு விளிம்பில் அதில் ஒரு சிறு பங்குதான் நிற்கும். விளிம்பை ஏறத்தாழ 2 மி.மீ. வளைவுக்குத் தேய்த்து உருட்டிவிட்டு, முழுக் கோட்டுக்கு முன் விளிம்பு, வெல்டிங் தையல், போல்ட் துளை ஆகியவற்றுக்குப் பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுங்கள்.

தட்டையான இடத்தில் ஊசிமுனைபோல் துருப்புள்ளிகள் எழுந்தால் மணல்வீச்சின் ஆழத்தைப் பாருங்கள். 70 மைக்ரான் மேடுபள்ளத்தின் மேல் 50 மைக்ரான் பிரைமர் அடித்தால் சிகரங்கள் வெளியே நிற்கும். மீட்டர் சராசரியைக் காட்டுமே தவிர அந்தச் சிகரங்களைக் காட்டாது. மெல்லிய வீச்சுப்பொருளுக்கு மாறுங்கள், இல்லையென்றால் இரண்டு முழுக் கோட் அடியுங்கள்.

மூக்கு, கை, மிச்சக் கலவை

துணி முகக்கவசமும் தூசி முகக்கவசமும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கரிக்குடுவையும் துகள் வடிகட்டியும் சேர்ந்த சுவாசக் கவசம் வேண்டும். வாசனை உள்ளே வந்தால் குடுவை முடிந்தது, அல்லது கவசம் முகத்தில் பொருந்தவில்லை. எபாக்சியும் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு அளவு பட்டாலும் அரிப்பும் தடிப்பும் திரும்ப வரும், பலர் இந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், கரைப்பான் பட்டால் உடனே மாற்றுங்கள். கையில் ஒட்டியதைத் தின்னரால் கழுவாதீர்கள். அது சரக்கைத் தோலுக்குள் ஏற்றிவிடும். சோப்புத் தண்ணீரோ கை சுத்தப் பசையோ போதும். குரோமேட் நிறமி உள்ள பிரைமரை உலரத் தேய்க்கவே கூடாது; அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். வெல்டிங்கோ கிரைண்டரோ அருகில் ஓடும்போது அடிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் கன்னை அப்போதே கழற்றித் தின்னரில் கழுவுங்கள். சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்றால் நாசிலை மாற்ற வேண்டியிருக்கும். மிஞ்சிய கலவையை மூடி போட்டு அடைக்க வேண்டாம், குப்பையிலும் கொட்ட வேண்டாம். பெரிய அளவில் ஒரே டப்பாவில் இருந்தால் சூடேறிப் புகையலாம். அகலமான தகரத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் இறுக விடுங்கள். முழுக்க இறுகிய பிறகு, அந்த இடத்தின் கழிவு விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.